மேட்டுத் தெருப் பொங்கப்பானை

இந்தக் கதையை ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மேடம். ஒன்பது வருடமாகவே எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை ஏறி இறங்கிய பிறகு நீங்கள் என்னைத் திட்டக் கூடாது.

உங்கள் மடியில் இருக்கிற நோட்டீசைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். 'தலைமைப் பொறுப்பில் களைத்தவர்களுக்கான பொங்கல் விடுமுறை அமைதி முகாம், நான்கு நாட்கள்.' மூன்றாம் பக்கத்தைத் திருப்புங்கள். 'அனுபவப் பகிர்வு, முதல் நாள் மாலை ஆறு மணி' என்று போட்டு ஒரு படம் இருக்கும். கண்ணாடி போட்ட ஆள், கையில் பானை. அது நான்தான். பானை இதோ இந்தப் பைக்குள் இருக்கிறது. வளைவு வரும்போது நீங்களும் ஒரு கை பிடித்துக்கொண்டால் நல்லது. மண்பானை. போன வருடமே விளிம்பில் ஒரு கீறல் விட்டுவிட்டது.

நீங்கள் தலைமையாசிரியை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. வத்தலக்குண்டில் பஸ் கிளம்புவதற்கு முன்பிருந்தே ஐந்து போன். முதல் போனில் ஆய்வக அறைச் சாவி யாரிடம் என்று கேட்டார்கள். "என்கிட்டதான் இருக்கு, வந்து தர்றேன்" என்றீர்கள். அப்போதே நினைத்தேன், இவர் நம் ஆள் என்று.

நான் நகராட்சிப் பொறியாளராக இருந்தவன். எந்த ஊர் என்று வேண்டாம். அந்த ஊருக்கு ஒரே பெரிய மேல்நிலைத் தொட்டி, அலுவலக வளாகத்துக்குள்ளேயே. அதிலிருந்து பதினொரு குழாய் வழி. பதினொன்றுக்கும் வால்வு திறக்கிற ஆட்கள் பதினொரு பேர். நான் போவதற்கு முன்பு அவரவர் இஷ்டத்துக்குத் திறந்துகொண்டிருந்தார்கள். போன மூன்றாம் நாளே ஒரு முறை கொண்டுவந்தேன். விடிகாலை ஐந்து மணி முதல் ஒவ்வொருவரும் எனக்குப் போன் செய்து அனுமதி வாங்கித்தான் திறக்க வேண்டும்.

"சார், மூணாம் நம்பர். திறக்கலாமா?"

"திற."

அவ்வளவுதான். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் 'திறக்காதே' என்று சொன்னதில்லை. என் மனைவி அங்கயற்கண்ணி ஒரு நாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள். "எப்படியும் திறன்னுதான் சொல்லப்போறீங்க. அப்புறம் எதுக்குங்க அவங்க கேக்கணும்?"

கேட்டுத் திறந்தால் அது நிர்வாகம், கேட்காமல் திறந்தால் அது வெறும் தண்ணீர் என்று சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய், பிறகு இரண்டு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

வரிசைக்கும் முறை உண்டு. பணி மூப்புப்படி. யார் முதலில் நிரந்தரமானாரோ அவர் முதலில் போன் செய்வார். கடைசி ஆள் இருளப்பன். பதினெட்டு வருடம் தினக்கூலியாக இருந்து, பிறகு நிரந்தரமானவர். அதனால் பதினொன்றாம் நம்பர். அவர் வழி மேட்டுத் தெருவுக்குப் போகிறது. ஆறடிக்கு மேல் உயரம் அந்த மனுஷன். என் அறைக்குள் வரும்போது தலையைக் குனிந்துதான் வருவார். மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நிலைப்படி தாழ்வு. வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு ஒன்று வைத்திருந்தார். அதை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்வேன். தரையில் கீறல் விழும்.

இடையில் கவுன்சிலர்கள் போன், ஆணையர் போன், எல்லாம் வரும். இருளப்பனுக்கு லைன் கிடைக்கும்போது ஏழரை ஆகிவிடும். அதற்குள் தொட்டியில் கால்வாசிகூட இருக்காது. மேட்டுத் தெரு, பெயரே மேடு. நிறைந்த தொட்டியிலிருந்துதான் தண்ணீர் அங்கே ஏறும். அங்கே குழாயில் காற்று வரும் என்பார்கள். பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் குழாயில் காதை வைத்துப் பார்ப்பார்களாம். என் ஜீப் டிரைவர் பவுன்ராஜ் சொல்வான். பிறகு கீழே பள்ளத் தெரு வரை நடந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் மேடும் பள்ளமும் நான் போட்டதில்லையே.

போன் வருகிறது பாருங்கள். எடுங்கள், எடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

என்னவாம்? மணி அடிக்கிறவர் லீவா? பொங்கல் விடுமுறையில் மணி எதற்கு? சரி, அது உங்கள் நிர்வாகம்.

எதில் விட்டேன்? எட்டு வருடம் ஐந்து மணிப் போன். யோசித்துப் பாருங்கள், உடம்பு என்ன ஆகும்? ரத்த அழுத்தம் நூற்றெழுபது. தூக்கத்திலேயே 'திற, திற' என்று சொல்கிறேன் என்றாள் அங்கயற்கண்ணி. ஒரு ஆய்வுக் கூட்டத்தில் கால்குலேட்டரைச் சுவரில் எறிந்துவிட்டேன். யார் மேலும் படவில்லை. ஆணையர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர்.

"சார், பொங்கலுக்கு எங்கயாவது நாலு நாள் போயிட்டு வாங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

எங்களுக்கும் என்றார். அவ்வளவு அக்கறை. இந்த முகாம் நோட்டீசைக் கொடுத்ததும் அவர்தான். வீட்டில் வந்து சொன்னேன். அங்கயற்கண்ணி பத்தே நிமிடத்தில் பெட்டியை அடுக்கிவிட்டாள். ஸ்வெட்டர், மாத்திரை, குரங்குக் குல்லா, எல்லாம். வருத்தத்தை வெளியே காட்டாமல் இருக்க அப்படிச் சுறுசுறுப்பாக இருந்தாள் என்று நினைத்தேன்.

பக்கத்து ஊர்ப் பொறியாளரிடம் கூடுதல் பொறுப்பை எழுத்து மூலம் ஒப்படைத்தேன். பதினொரு பேரையும் கூப்பிட்டு அவர் நம்பரைக் கொடுத்தேன். "அவர்கிட்ட கேக்காம ஒரு சொட்டு கீழ விழக் கூடாது." அவர் போகிக்கு முந்தின ராத்திரியே போனை அணைத்துவிட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முகாம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். போனதும் போனை வாங்கி எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு மூடிவிடுவார்கள். ஷர்மிளா என்று ஒரு பெண், வெள்ளை உடையில், மெதுவாகப் பேசுவாள். எவ்வளவு மெதுவாக என்றால், நாம் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும். கோபம் வந்தால்கூட அவ்வளவு தூரம் குனிவதற்குள் தணிந்துவிடும். நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி நிறுத்து, ஆறு எண்ணி விடு. இது முதல் பாடம். எனக்கு நன்றாக வந்தது. என் மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

இரண்டாவது, பூண்டு உரிப்பது. சிரிக்காதீர்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பேசாமல், அவசரம் இல்லாமல், ஆளுக்கு ஒரு தட்டுப் பூண்டு உரிக்க வேண்டும். கை வேலை செய்தால் மனம் ஓயுமாம். எங்கள் செட்டில் ஒரு வங்கி மண்டல மேலாளர், ஒரு கல்லூரி முதல்வர், இன்னும் ஒன்பது பேர். முதல் நாள் அமைதியாகத்தான் உரித்தோம். இரண்டாம் நாள் மேலாளர் தன் தட்டைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார். நானும் விடவில்லை. முதல்வர் எல்லோர் தட்டையும் சுற்றிவந்து தோல் ஒட்டியிருந்ததைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் நாள் சமையல்காரர் வந்து கும்பிட்டார். "ஐயா, போதும். ஒரு மாசத்துக்கு உரிச்சிட்டீங்க." அன்று நான்தான் முதல். சான்றிதழ் எல்லாம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அங்கே வெந்நீருக்கு ஒரே ஒரு பாய்லர். ஆளாளுக்குத் திறந்து வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒரு தாளில் முறைப் பட்டியல் போட்டேன். குளிப்பதற்கு முன் என் அறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டுப்பாடு வந்தது. மேலாளர் மட்டும் நாலு நாளும் பச்சைத் தண்ணீரில் குளித்தார். அது அவர் உடல்வாகு போல.

மூன்றாவது பாடம்தான் முக்கியம். ஷர்மிளா ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். 'நான் இல்லாவிட்டாலும்' என்று ஆரம்பித்து, நம் வேலையைச் சேர்த்து, ஒரு வாக்கியத்தை இருபத்தொரு முறை எழுத வேண்டும். நான் எழுதினேன்: 'நான் இல்லாவிட்டாலும் தண்ணீர் வரும்.' முதல் நாலைந்து வரி கோணலாகப் போனது. பத்துக்கு மேல் எழுத்து ஒழுங்காக வந்தது. இருபத்தொன்றும் முடிந்ததும், பழக்கம், கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். அந்தத் தாளை லேமினேட் செய்து முகாம் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். நுழைந்ததும் இடது பக்கம். பார்ப்பீர்கள்.

அதை எழுதும்போது நம்பினேனா என்று கேட்டால், இல்லை. அதுதான் உண்மை. காணும் பொங்கல் அன்று மலை உச்சியில் நின்று கீழே பார்த்தபோது, கீழே ஊர் வறண்டு கிடக்கிறது, எல்லோரும் என்னைத் தேடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அந்த எண்ணம் மனத்துக்கு இதமாக இருந்தது. பூண்டைவிட.

மறுநாள் காலையில் நேராக அலுவலகத்துக்கு வந்தேன். தொட்டிக்குக் கீழே, வால்வுக் குழிக்குப் பக்கத்தில், இந்தப் பானை இருந்தது. சுண்ணாம்பில் கோடு போட்டு, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, உள்ளே அரைப் பானை சர்க்கரைப் பொங்கல். கொஞ்சம் தள்ளி ஒரு கடைப் பை. அதில் ஒரு பச்சைத் துண்டும், புதுச் செருப்பு ஒரு ஜோடியும். பவுன்ராஜ் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான். அவ்வளவு காலையிலேயே நான் வருவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"என்ன பவுனு இதெல்லாம்?"

பானையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு வால்வுக் குழிப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். இப்போது சொல்கிறேன், அந்தக் கடைசிப் பார்வையை நான் ஒரு வருடம் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன்.

"மேட்டுத் தெருப் பொம்பளைங்க கொண்டுவந்தாங்க சார். நேத்து."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

"எனக்கா?"

"ஆமா சார். சார் எப்ப வருவாருன்னு கேட்டாங்க. நாளைக்கு வந்துருவாருன்னு சொன்னேன். வேலுத்தாய்னு ஒரு அம்மா, படிக்கட்டுல அப்பிடியே உக்காந்துருச்சு. கண்ணு கலங்கிருச்சு சார்."

மேடம், எட்டு வருடம் அந்தத் தெருவுக்கு நான் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. நான் நாலு நாள் இல்லை என்றதும், பண்டிகை அன்று, பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, என்று வருவார் என்று கேட்டு, அழுகிறார்கள். அங்கேயே நின்று நாலு எண்ணி இழுத்தேன். நிறுத்தினேன். விட்டேன். அந்தப் பொங்கலை ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். நெய் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கயற்கண்ணி பானையை வாங்கி வைத்தாள். செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பத்தாம் நம்பருங்க. உங்களுக்கு ஏழு."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். ஒருத்தர் காலைப் பாக்காம யாராவது செருப்பு வாங்குவாங்களா? அதுவும் பொங்கலுக்கு?"

"என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சிருக்காங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகாமில் இந்த இடத்தில் கைதட்டல் வரும். மாலை நீங்களே பார்ப்பீர்கள்.

"நீ எப்படி இருந்தே நாலு நாளா?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் பால் நல்லாப் பொங்குச்சுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் தொட்டிப் பதிவேட்டைப் பார்த்தேன். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இருளப்பன் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். போகி, விடிகாலை நான்கு பத்து, மேட்டுத் தெரு, திறந்தது. பொங்கல், நான்கு பத்து, மேட்டுத் தெரு. மாட்டுப் பொங்கல், நான்கு பத்து. காணும் பொங்கல், நான்கு பத்து. தொட்டி நிறைந்ததும் முதல் ஆளாகத் திறந்திருக்கிறார். பதினொன்றாம் நம்பர், முதல் ஆளாக! பள்ளத் தெருவுக்குக் கடைசியாக விட்டிருக்கிறார்கள். அது பள்ளம், கால் தொட்டியிலும் ஓடும். ஒரு புகாரும் இல்லை. புகார் இல்லை என்பது வேறு விஷயம். அனுமதி? யாரிடம் வாங்கியது?

கூப்பிட்டுக் கேட்டேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, குனிந்து, வந்து நின்றார்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"அந்த சார் போனு போகல சார். தொட்டி நிறைய இருந்துச்சு. திறந்தேன்."

"நிறைய இருந்தா திறந்துருவீங்களா?"

முன்பென்றால் நான் கத்தியிருப்பேன், மேடம். கையில் கிடைத்ததை எறிந்திருப்பேன். அன்று எறியவில்லை. நாலு எண்ணி இழுத்தேன். நாலு எண்ணி நிறுத்தினேன். ஆறு எண்ணி விட்டுக்கொண்டே மெமோவில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நேராக விழுந்தது. ஒரு வாரத்தில் அவரைக் குப்பை கொட்டுகிற உரக்கிடங்குக்கு மாற்றினேன். வால்வுக் குழிக்கு ஒரு புது ஆள் வந்தார், அவரும் பதினொன்றாம் நம்பர்தான். ஏழரைக்குப் போன் செய்வார். நான் 'திற' என்பேன். ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது. முகாமின் பலன் என்று நான் சொல்வது இதைத்தான்.

மேட்டுத் தெருவிலிருந்து மறுபடி வந்தார்கள், மாசி மாதத்தில். இந்தத் தடவை காலிக் குடத்தோடு. ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலுத்தாய் யார் என்று பவுன்ராஜிடம் கேட்டேன், காட்டினான். நான் ஜீப்பிலிருந்து இறங்கிப் போய், "அம்மா, உங்க பானை எங்க வீட்டுல பத்திரமா இருக்கு" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செருப்பும் உங்க கிட்டத்தானா?" என்று கேட்டது. ஆமாம், பத்திரமாக இருக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பெரிய அதிகாரி தங்கள் பரிசை மறக்கவில்லையே என்ற கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். போலீஸ் வந்து கலைத்துவிட்டார்கள்.

அடுத்த பொங்கலுக்கு முகாமிலிருந்து கூப்பிட்டார்கள். கதையைச் சொன்னேன். நாற்பது பெண்கள் வந்ததாகச் சொன்னேன். நாற்பது என்று பவுன்ராஜ் சொல்லவில்லை. 'பொம்பளைங்க' என்றுதான் சொன்னான். இப்போது நூற்றைம்பதில் நிற்கிறது. நானாக ஏற்றவில்லை. அது ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டு வந்துவிட்டது. விட்டுவிடுங்கள், போனைக் கொடுத்துவிடுங்கள், உங்கள் அருமை அப்போதுதான் ஊருக்குத் தெரியும் என்று முடிப்பேன். எத்தனை பேர் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் செருப்பைத் தொட்டுக் கும்பிட்டார்.

இப்போது நான் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். ஐந்து மணிக்கு விழிப்பு வருகிறது, போன் வருவதில்லை. நாலு எண்ணி இழுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. சும்மா இருக்கிறவனுக்குச் சந்தேகம்தான் உத்தியோகம். எட்டு வருடம் அழாத பெண்கள் நாலு நாளில் எதற்கு அழுதார்கள்? நாளை வருவேன் என்று தெரிந்தபிறகு எதற்கு அழ வேண்டும்? அங்கயற்கண்ணியிடம் கேட்டேன். "ஒன்பது வருஷம் கழிச்சாவது கேட்டீங்களே" என்றாள். பானையை அவள்தான் வாராவாரம் துடைத்து வைக்கிறாள். செருப்பைத் தொடுவதில்லை.

போன மாதம் முகாமிலிருந்து படம் எடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். என் கதையைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். நீங்கள் கட்டப்போகிற கட்டணத்தில் அதுவும் சேர்த்தி. இந்த மாலைதான் வெளியீடு. அந்தப் பெண் சொன்னது, "சார், செருப்பப் போட்டு ஒரு நடை நடங்க." போட்டேன். ஒரு எட்டு வைத்தேன். கால் வந்துவிட்டது, செருப்பு அங்கேயே நின்றது. அந்தப் பெண் சிரித்துவிட்டது. "பரவால்ல சார், உக்காந்தே எடுத்துக்கலாம்."

அதற்கு மறுவாரம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காகப் பழைய அலுவலகம் போனேன். பின்பக்கம்தான் உரக்கிடங்கு. வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். இருளப்பன் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி வணக்கம் சொன்னார்.

"உடம்பு நல்லாருக்கா சார்? பிரஷரு?"

"குறைஞ்சிருக்கு" என்றேன். "நீங்க?"

"எனக்கென்ன சார். இங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. குப்ப வந்தா கொட்டுறோம்."

குத்தலாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. போய்விட்டார். கீழே பார்த்தேன். அந்த வெள்ளைப் பவுடரில் என் தடம் பக்கத்தில் அவர் தடம். செருப்புத் தடம்தான், ஒரு பக்கம் வார் இழுபட்டுத் தேய்ந்த தடம். என் தடத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருந்தது. காகிதத்தை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

அவரிடமே கேட்டிருக்கலாம் என்பீர்கள். எப்படிக் கேட்பது? என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது? அப்படி ஒரு பாடம் அந்த முகாமில் இல்லை.

பவுன்ராஜ் இப்போது சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். இன்று காலை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அவன்தான் கூட்டி வந்தான். அரைமணி நேரம். முன்னால் அவன், பின்னால் நான், நடுவில் இந்தப் பானையும் செருப்புப் பையும். பொங்கல் வேலை, வெயில், அவன் மகள் நர்சிங் சேர்ந்தது, எல்லாம் பேசினோம். இதைப் பேசவில்லை. பானையைப் பார்த்து அவனே சொன்னான், "இந்த வருசமும் கொண்டுபோறீங்களா சார்?" குரலில் ஏதோ இருந்தது. "புத்தகம் போடுறாங்க" என்றேன். "பேரெல்லாம் போடுவாங்களா சார்?" என்றான். உன் பேரும் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு ஸ்டாண்டு வரும்வரை ஹாரன் மட்டும்தான் அடித்துக்கொண்டு வந்தான்.

நான் ஏறி உட்கார்ந்த பிறகு, இந்த ஜன்னல் வழியாகத்தான் பையை எடுத்துக் கொடுத்தான். நீங்கள் அப்போது போனில் சாவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். இதையும் சொல்லிவிட வேண்டும், வண்டி நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். அரைமணி நேரம் இருந்தது, அப்போது கேட்கவில்லை. அவன் கூடவே நாலு எட்டு நடந்து வந்தான், ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. நான் குனிந்து கேட்டேன்.

"பவுனு, இருளப்பன் காலுக்கு எத்தனாம் நம்பர் செருப்பு?"